காபி மெஷினுக்குத் தண்ணீர் ஃபில்டர் வாங்கும்முன்: கரியா, ரெசினா?

மாதம் தவறாமல் ஃபில்டர் மாற்றியும் மெஷினுக்குள் வெள்ளைப் படிவு கட்டிவிட்டது என்ற புலம்பலை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் ஃபில்டர்மேல் குற்றம் இருக்காது. அதனால் செய்யவே முடியாத வேலையை அதனிடம் எதிர்பார்த்திருப்பார்கள்.

காபித்தூளைத் தாங்கும் காகித ஃபில்டரைப் பற்றி இங்கே பேசவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள், உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன வட்டு அல்லது கேட்ரிட்ஜ்தான் விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் துண்டுகள். உள்ளே இருப்பது இரண்டில் ஒன்று: செயலூட்டிய கரி மட்டும், அல்லது கரியோடு அயனிப் பரிமாற்ற ரெசின். கரி நாக்குக்கு, ரெசின் மெஷினுக்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

கரி குளோரினைப் பிடிக்கும். குளோரினால் வரும் நெடியையும், பழைய குழாய் வாசனையையும், சில கரிமச் சேர்மங்களையும் குறைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தைத் தொடவே தொடாது. ஹீட்டரில் ஒட்டும் வெள்ளைப் படிவு கால்சியம் கார்பனேட். தண்ணீர் சூடாகும்போது பைகார்பனேட் பிரிந்து உண்டாவது. கரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது நிற்காது.

ரெசின் வேறு வழியில் வேலை செய்கிறது. காபி மெஷின் கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருக்கும் வகை, கால்சியத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடும். அந்த ஹைட்ரஜன், பைகார்பனேட்டோடு சேர்ந்து தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். படிவு கட்டுவதற்கான இரண்டு கச்சாப் பொருள்களும் ஒரே அடியில் குறைகின்றன. ஆனால் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம்) சல்பேட்டாகவோ குளோரைடாகவோ இருந்தால் இந்த ரெசினால் பெரிய பயன் இல்லை. நல்லவேளை, அந்த வகைக் கடினத்தன்மை சுட வைப்பதால் கார்பனேட் அளவுக்குப் படிவதும் இல்லை. தண்ணீரில் குளோரைடு அதிகமிருந்தால் உலோக பாய்லருக்கு அரிப்பு வரலாம். அதைத் தொட்டிக்குள் மாட்டும் எந்த ஃபில்டரும் தடுக்காது.

இப்போது எந்த மெஷினில் எது என்று பார்க்கலாம். காபித்தூள்மேல் வெந்நீரைச் சொட்டவிடும் டிரிப் மெஷின்களில் அனேகமாகக் கரிதான். குயிசினார்ட்டின் டிசிசி-ஆர்டபிள்யூஎஃப் வட்டு, கியூரிக்கின் தொட்டி கேட்ரிட்ஜ் இரண்டும் கரி. கொட்டை அரைத்துத் தானே காபி இறக்கும் தானியங்கி மெஷின்களிலும் எஸ்பிரெசோ மெஷின்களிலும் ரெசின் சேர்ந்தது வரும்: ஜூராவின் கிளாரிஸ், பிலிப்ஸின் அக்வாகிளீன், டெலாங்கியின் டிஎல்எஸ்சி 002, பாஷ், சீமென்ஸ் மெஷின்களுக்கான பிரிட்டா இன்டென்சா, பிரெவில்லின் கிளாரோசுவிஸ். உங்கள் டிரிப் மெஷினுக்குக் கரி வட்டுதான் உண்டு என்றால், படிவுக்கு டீஸ்கேலிங் (அமிலக் கரைசலை ஓட்டிப் படிவைக் கரைப்பது) மட்டுமே வழி. ஃபில்டரை இன்னும் அடிக்கடி மாற்றுவது காசைக் கரைக்கும், படிவைக் கரைக்காது.

பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

மெஷினின் விளம்பரப் பெயரை வைத்து ஃபில்டர் தேடினால் தவறு நடக்கும். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வந்த மெஷின்களில் ஃபில்டர் மாறியிருக்கலாம். பிரெவில் எஸ்பிரெசோ மெஷின்களில் முன்பு சின்னக் கரிப் பொட்டலம் வைக்கும் தாங்கி இருந்தது. பிறகு கிளாரோசுவிஸ் வந்தது, தாங்கியும் மாறியது. ஒன்றுக்கானது மற்றொன்றில் உட்காராது. ஜூராவில் வெள்ளை, நீலம், ஸ்மார்ட் என்று வகைகள். ஸ்மார்ட்டில் ஒரு சிப் இருக்கிறது, மெஷின் அதை வைத்துத்தான் ஃபில்டரை அடையாளம் காணும். பிலிப்ஸில் அக்வாகிளீனும் பழைய இன்டென்சா பிளஸும் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. கியூரிக்கில் நிலைமை தலைகீழ்: உள்ளே போகும் கேட்ரிட்ஜ் பல மாடல்களுக்குப் பொது, அதைப் பிடிக்கும் கைப்பிடிதான் உயரம் மாறும். கைப்பிடி கையில் இருந்தால் கேட்ரிட்ஜ் மட்டும் வாங்கினால் போதும். 'தொடக்கத் தொகுப்பு' என்று போட்டிருப்பதை மறுபடி மறுபடி வாங்க வேண்டாம்.

மெஷினின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் முழு மாடல் எண் இருக்கும். அதையும் பழைய ஃபில்டர்மேல் அச்சாகியிருக்கும் எண்ணையும் சேர்த்து ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் அப்புறம் தேட வேண்டியதில்லை. அக்வாகிளீனுக்கு அந்த ஃபில்டர் எண் சிஏ 6903. அதன் பின்னால் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எண் பொட்டலத்தின் வேறுபாட்டைச் சொல்வது. அதற்காகக் குழம்ப வேண்டாம்.

மாற்று நிறுவனத் தயாரிப்புகள்

கரி வட்டு என்றால் தயங்காமல் வாங்கலாம். தண்ணீர் போகும் பாதையில் ஒரு கரிப் பை, அவ்வளவுதான். அளவு சரியாக இருந்து, தையல் பிரியாமல், கரி தூளாகக் கொட்டாமல் இருந்தால் பேர் பெற்ற நிறுவனத்தினதும் மற்றதும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

ரெசின் கேட்ரிட்ஜில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே ஆபத்து மூன்று. முதலாவது, உள்ளே ரெசினே இல்லாமல் கரியை மட்டும் நிரப்பி விற்பது. பொருள் விவரத்தில் 'அயனிப் பரிமாற்ற ரெசின்' என்று எழுதியிருக்க வேண்டும். 'சுத்தமான தண்ணீர், சுவையான காபி' என்று மட்டும் இருந்தால் அது கரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அடி வாயில் இருக்கும் ரப்பர் வளையம். அது அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பம்ப் ஃபில்டர் வழியாக இழுக்காமல் இடுக்கு வழியாகத் தண்ணீரையோ காற்றையோ இழுக்கும். தண்ணீரை இழுத்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதை. காற்றை இழுத்தால் பம்ப் கத்தும். மூன்றாவது, சிப் வைத்த வகைகளில் மெஷின் ஏற்றுக்கொள்ளாமல் போவது.

பொட்டலத்தில் என்எஸ்எஃப் (ஃபில்டர்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) என்று பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். எண்ணைப் பாருங்கள். 42 என்பது குளோரின், சுவை, நெடி பற்றிய தரம். 53 உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கு. இரண்டுமே கடினத்தன்மை குறையும் என்று சொல்வதில்லை. அதோடு 'தரத்துக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது' என்ற வாசகமும் 'சான்று பெற்றது' என்ற வாசகமும் ஒன்றல்ல. முதலாவதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

எத்தனை வாங்குவது

குயிசினார்ட் சொல்வது 60 நாள் அல்லது 60 தடவை. கியூரிக் சொல்வது இரண்டு மாதம் அல்லது 60 முறை தொட்டி நிரப்புவது. ஜூரா கிளாரிஸுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் அல்லது இரண்டு மாதம். அக்வாகிளீனுக்கு, மெஷின் கேட்கும்போதெல்லாம் மாற்றி 8 ஃபில்டர் போட்டால் 5000 கோப்பை வரை டீஸ்கேலிங் வேண்டாம் என்பது பிலிப்ஸின் கணக்கு. கோப்பைக்கு 100 மில்லி. வகுத்துப் பார்த்தால் ஒரு ஃபில்டருக்கு 625 கோப்பை, சுமார் 62 லிட்டர்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடும்போது குடிக்கும் காபியை மட்டும் எண்ணாதீர்கள். மெஷின் போடும்போதும் அணைக்கும்போதும் தானே அலசிக் கொட்டுகிற தண்ணீரும் ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. நாளைக்கு 120 மில்லியில் ஐந்து கோப்பை என்றால் 600 மில்லி. அலசலுக்கு ஒரு 250 மில்லி சேர்த்தால் 850. 50 லிட்டர் ஃபில்டர் 58 நாளில் தீரும். அதாவது வருடத்துக்கு ஆறு. நாளைக்கு இரண்டே கோப்பை குடிப்பவருக்கும் ஆறுதான், ஏனென்றால் அவருக்கு லிட்டருக்கு முன்னால் காலக்கெடு வந்துவிடும். குளோரின் போன தண்ணீரில் ஊறிக்கிடக்கும் கரி, கிருமி வளர நல்ல இடம். இரண்டு மாதக் கெடு வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

12 கரி வட்டு உள்ள பொட்டலம் இரண்டு வருடம் வரும். பிரிக்காமல் வைத்தால் கெடாது. ஆனால் பையைப் பிரித்துவிட்டு மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கரி அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறவிக் குணமே அதுதானே. ரெசின் கேட்ரிட்ஜை ஒரு வருடத் தேவைக்கு மேல் வாங்குவதில் லாபம் இல்லை. பல கேட்ரிட்ஜ்கள் ஈரத்தோடேதான் அடைத்து வரும், பையின் உள்ளே நீர்த்துளி தெரிந்தால் பழையது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். பையில் ஓட்டை விழுந்து காய்ந்து போனதைத்தான் திருப்ப வேண்டும். உறைநிலைக் குளிரிலும் வைக்கக் கூடாது.

கடினமான தண்ணீர் என்றால் லிட்டர் கணக்கும் சுருங்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கார்பனேட் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 50 லிட்டர் என்றால் 10 கிராம் சுண்ணாம்பு. கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு கேட்ரிட்ஜுக்கு அது பெரிய சுமை. 400 மில்லிகிராம் தண்ணீரில் அதே கேட்ரிட்ஜ் பாதி வழியிலேயே களைத்துவிடும். மெஷினின் ஃபில்டர் விளக்கு எரியும்வரை காத்திருந்தால் மீதிப் பாதி முழுக்கக் கடினமான தண்ணீர் அப்படியே ஹீட்டருக்குப் போகும்.

ஆகவே முதலில் கடினத்தன்மையை அளந்துகொள்ளுங்கள். மெஷினோடு ஒரு காகிதப் பட்டை வந்திருக்கும். ஃபில்டர் செய்யாத குழாய்த் தண்ணீரில் ஒரு விநாடி முக்கி, உதறி, ஒரு நிமிடம் விட்டு, நிறம் மாறிய கட்டங்களை எண்ணினால் அதுவே மெஷின் மெனுவில் கேட்கும் நிலை எண். குடிநீர் அறிக்கை கைவசம் இருந்தால் அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜெர்மன் டிகிரி லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், ஒரு பிரெஞ்சு டிகிரி 10, ஒரு கிரெயின் 17.1. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நீட்டி ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. கரி ஃபில்டரில் அந்த எண் அசையவே அசையாது, அசையவும் கூடாது.

மாட்டும் முறை

கரி வட்டை முதலில் ஊற வைக்க வேண்டும். குயிசினார்ட்டுக்கு 15 நிமிடம், கியூரிக்குக்கு 5 நிமிடம், பிறகு குழாயடியில் அலசல். கியூரிக் அலசலுக்கு ஒரு முழு நிமிடம் கேட்கிறது. குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். ஊறாத கரிக்குள் காற்று இருக்கும். வட்டு மிதந்து தாங்கியை மேலே தள்ளும், தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அலசாத வட்டு முதல் இரண்டு கோப்பையில் கறுப்புத் துகள் விடும். அது கரிப்பொடிதான், ஆபத்தில்லை, ஆனால் பார்த்தவர் காபியைக் கொட்டாமல் இருக்கமாட்டார். மாட்டியபின் காபித்தூள் இல்லாமல் ஒரு தொட்டி தண்ணீரை ஓட்டிக் கொட்டிவிடுங்கள்.

ரெசின் கேட்ரிட்ஜில் முக்கியமான வேலை காற்றை வெளியேற்றுவது. அக்வாகிளீனை ஐந்து விநாடி குலுக்கி, தலைகீழாகக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும்வரை பிடிக்க வேண்டும். டெலாங்கி கேட்ரிட்ஜில் நடு ஓட்டை வழியாகத் தண்ணீரை விட்டு, பக்கத்துத் துவாரங்களில் வெளியே வரும்வரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டி, பிறகு தொட்டித் தண்ணீரில் சாய்த்து அமுக்க வேண்டும். அதன் தலையில் தேதி வட்டம் இருக்கிறது, அடுத்த இரண்டு மாதத்தைக் காட்டும்படி திருப்பி வைத்துக்கொள்ளலாம். பிறகு அரை லிட்டர் வெந்நீரை வெளியே விட்டால் வேலை முடிந்தது. இன்டென்சாவில் ஏ, பி, சி என்று ஒரு வளையம்: ஏ மென்மையான தண்ணீருக்கு, சி கடினமானதற்கு. அதைத் திருப்பாமல் விடுகிறவர்களே அதிகம்.

காற்று உள்ளே நின்றால் பம்ப் தடதடவென்று சத்தம் போடும், தண்ணீர் வராது, மெஷின் 'தொட்டி காலி' என்று சொல்லும். தொட்டி நிறைந்திருக்கும்போது இது வந்தால் பயப்பட வேண்டாம். ஃபில்டரைக் கழற்றி, அது இல்லாமலே வெந்நீர்க் குழாயில் ஒரு கோப்பை தண்ணீரை இழுக்க விடுங்கள். பம்ப் பிடித்துக்கொண்டதும் ஃபில்டரை மறுபடி முக்கி, குமிழி போக்கி, அழுத்தி உட்கார வையுங்கள்.

புது ஃபில்டர் போட்டதும் காபி புளிப்பது போலிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. புது ரெசின் முழு வேகத்தில் பைகார்பனேட்டை எடுத்துவிடுவதால் காபியின் அமிலத்தை அடக்க ஆள் இல்லாமல் போகிறது. இரண்டு மூன்று லிட்டர் போனதும் கொஞ்சம் தணியும். ஏற்கெனவே மென்மையான தண்ணீர் உள்ள வீட்டில் தணியாது. அங்கே ரெசினைக் கழற்றிவிட்டுக் குடித்துப் பாருங்கள். காபிக்குக் கொஞ்சம் கனிமம் தேவை. சிறப்புக் காபிச் சங்கத்தின் நீர்த் தரத்தில் டிடிஎஸ் இலக்கு 150, கால்சியம் கடினத்தன்மை 68, காரத்தன்மை 40 என்று இருப்பது அதனால்தான், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிற மெஷினுக்கு ரெசின் ஃபில்டர் தண்டச் செலவு. போதாததற்கு, மின்கடத்தலை வைத்துத் தண்ணீர் இருப்பை உணரும் மெஷின்கள் ஆர்ஓ தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் 'காலி' என்று அடம்பிடிக்கும். காந்த மிதவை வைத்த தொட்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது.

ரீசெட் பொத்தான்

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபில்டர் விளக்கு, ஃபில்டரின் நிலையைச் சோதித்து எரிவதில்லை. போன தண்ணீரை எண்ணியோ நாளை எண்ணியோ எரிகிறது. ஃபில்டரை மாற்றாமல் பொத்தானை அமுக்கினாலும் அது அணைந்துவிடும். மாற்றிவிட்டு அமுக்க மறந்தால் புது ஃபில்டர்மேலேயே எரியும்.

அதைவிட மோசமானது வேறு. பல தானியங்கி மெஷின்களில் 'ஃபில்டர் உண்டு' என்று மெனுவில் இருக்கும்வரை டீஸ்கேலிங் நினைவூட்டல் தள்ளிப்போகும், ஜூராவில் கேட்கவே கேட்காது. தீர்ந்துபோன ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, மெனுவில் மாற்றாமல், புதியது வாங்கப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மெஷின் தான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டே சுண்ணாம்பைக் குடிக்கும். படிவு முற்றி ஓட்டம் குறையும்போதுதான் தெரியும். ஃபில்டர் இல்லாத நாள்களில் மெனுவில் 'இல்லை' என்று போட்டு, கடினத்தன்மை நிலையைச் சரியாக வையுங்கள்.

அக்வாகிளீனில் இன்னொரு கண்டிப்பு: மெஷினில் எரியும் ஃபில்டர் சின்னம் அணைந்தபிறகு புதியது போட்டால் முதலில் டீஸ்கேலிங் செய்யச் சொல்லும். மற்ற மெஷின்களிலும் இடைவெளி விட்டிருந்தால் முதலில் டீஸ்கேலிங், பிறகே ஃபில்டர். ஏற்கெனவே ஒட்டியதை ஃபில்டர் கரைக்காது. டீஸ்கேலிங் செய்யும்போது ஃபில்டர் தொட்டியில் இருக்கவே கூடாது: அமிலம் ரெசினோடு மோதிப் பாதியில் வீணாகும், ரெசின் பிடித்து வைத்த கால்சியமும் கழன்று தண்ணீருக்கே திரும்பும். கழற்றிய ஃபில்டரை அந்த அரை மணி நேரம் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் காயாது.

ஊருக்குப் போகும்போதும் அதே டம்ளர்தான். தொட்டியைக் காலி செய்து, ஃபில்டரைக் கொஞ்சம் தண்ணீரோடு குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் அலசி, காற்றுப் போக்கி மாட்டினால் சரி. மெஷினுக்குள்ளேயே விட்டுப் போனால் டெலாங்கி தரும் கெடு மூன்று வாரம். அதற்கு மேல் ஆகியிருந்தால், எத்தனை லிட்டர் மிச்சம் இருந்தாலும் அந்த ஃபில்டர் குப்பைக்கு.